டோகோவுக்கு ஐந்து மீட்டர்

மேற்கு ஆப்பிரிக்கா பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று என் மகனுடைய கம்பெனிப் பிள்ளைகளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். போன மாதம் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, திரையில் படம் படமாக ஓட்டினார்கள். 'வளர்ந்துவரும் துறைகள்', 'சாதகமான தொழில் சூழல்', 'முதலீட்டுக்கு உகந்த நாடு'. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வாக்கியங்களையெல்லாம் எண்பதுகளில் துபாய் தேராவில் உட்கார்ந்து டைப் அடித்தவளே நான்தான். அந்த நாடுகள் இதற்குள் எவ்வளவோ மாறியிருக்கும். வாக்கியங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, நீங்க டோகோல எந்தெந்த ஊர்ல இருந்தீங்க?" என்று கேட்டார்கள்.

"நான் டோகோவுக்குப் போனதே இல்லைங்களே," என்றேன்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாட்டுக்குப் போகாமலே அந்த நாட்டுக்குப் பொருளாதாரம் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கை மலையகத்தில், அட்டனில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்தேன். கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் நாலு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தேன். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்கத் தைரியம் வரவில்லை, துபாய்க்கு வந்தேன். கணவர் சவூதியில், ஜுபைலில் ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. அவர் அங்கே கேம்ப்பில், நான் இங்கே அக்கா குடும்பத்தோடு. இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தால் குடும்பம், இல்லாவிட்டால் கடிதம்.

எங்கள் கம்பெனி கிரீக் என்னும் கடற்கழி ஓரமாக ஒரு மாடியில் இருந்தது. கீழே மரக்கலங்களில் அரிசியும் டயரும் ஃபிரிட்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். உரிமையாளரை நாங்கள் அர்பாப் என்போம். முதலாளியும் அவர்தான், எங்கள் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலும் அவர்தான். பரம்பரை வியாபாரி, அதிகம் பேசமாட்டார். ஆங்கிலம் வராது. பம்பாய்க்குப் போய்வந்த பழக்கத்தில் இந்தி சரளமாக வரும். எனக்கும் ஆபீசில் கேட்டுக் கேட்டு இந்தி வந்துவிட்டிருந்தது.

அவருக்குக் கீழே, எங்களுக்கெல்லாம் மேலே, ஜெனரல் மேனேஜர் தில்லைநாதன், எங்களுக்குத் தில்லை சேர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் பொருளாதாரம் படித்தவர். படித்ததை அவரும் மறக்கமாட்டார், நம்மையும் மறக்க விடமாட்டார். கடிதம் சொல்லும்போது எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலருகில் நிற்பார். கை இரண்டும் பின்னால் கட்டியிருக்கும், கண் மூடியிருக்கும். ஒரு வாக்கியம் அவருக்கே பிடித்துப் போனால், "பிள்ளை, அதை ஒருக்கா வாசியும்," என்பார். நான் வாசிப்பேன். கச்சேரியில் அடுத்தவர் பாட்டைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டுவார். "ம்ம். வடிவா வந்திருக்கு," என்று தன்னைத் தானே பாராட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவார்.

அர்பாபுக்கு அந்தச் சமயம் ஆப்பிரிக்க வியாபாரத்தில் ஆசை வந்திருந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர் எவரோ லோமே துறைமுகத்துக்கு ஒரு கப்பல் சரக்கு அனுப்பி நாலு காசு பார்த்துவிட்டார். லோமே டோகோவின் தலைநகர். உடனே டோகோ பற்றி ஒரு அறிக்கை வேண்டும் என்றார். தில்லை சேர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

அறிக்கை தயாரிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இன்றைய பிள்ளைகளுக்கு உதவும். முதலில் விமானத்தில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகை. அடுத்து தூதரகத்தில் தரும் வண்ணப் புத்தகம், அதில் அந்த நாட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பருத்தி எடுப்பார்கள். மூன்றாவது, பழைய கலைக்களஞ்சியம் ஒன்று. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் வேறொரு நாட்டின் அறிக்கை. எங்களிடம் கானா இருந்தது. கானா என்று வருகிற இடத்திலெல்லாம் வெள்ளை மை பூசி, காய்ந்ததும் டோகோ என்று அடிக்க வேண்டும். கானா டோகோவுக்குப் பக்கத்து நாடு என்பதால் வேலை பாதி முடிந்தது என்பது சேரின் கட்சி.

அப்படித்தான் எங்கள் டோகோவில் தங்கச் சுரங்கங்கள் தோன்றின.

"சேர், டோகோவில பாஸ்பேட்டுதானே எடுக்கிறாங்க. தங்கம் கானாவிலங்க," என்றேன்.

"பக்கத்து நாட்டில இருக்குதுதானே பிள்ளை. நிலம் என்ன, வேலி பாத்தே கிடக்குது?" என்றார். தங்கம் அறிக்கையிலேயே இருந்தது.

பாஸ்பேட்டுக்கு ஒரு அத்தியாயம், துறைமுகத்துக்கு ஒன்று, பருத்தி, காப்பி, கோக்கோ, சுற்றுலா. எதை எடுத்தாலும் 'வளர்ந்துவரும் துறை'. வளராமல் இருந்தது எங்கள் சம்பளம் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில், மிச்சம் மீதியைப் போடும் இடத்தில் ஒரு வரி: 'முறைசாராத் துறை: சந்தைப் பெண்கள். கவனிக்கத்தக்கதல்ல.' அதையும் சேர் ஒருக்கா வாசிக்கச் சொன்னார். வடிவாகத்தான் வந்திருந்தது.

அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அர்பாப் அதைத் திறக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார். "பெரிய நாடோ?" என்று இந்தியில் கேட்டார். சின்ன நாடுதான் என்றேன். "சின்ன நாட்டுக்கு இவ்வளவு பேப்பரா!" என்று சொல்லி, மேனேஜரைப் பார்த்து, "சரி, நாம் அங்கே எதை விற்கலாம்?" என்றார். சேர் பாஸ்பேட்டைப் பற்றி ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். முடிந்ததும் அர்பாப், "எனக்குத் துணி தெரியும், துணி விற்போம்," என்றார். அறிக்கையில் துணியைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

லோமேயில் உள்ள கடைகளுக்கு டெலெக்ஸ் அனுப்பினோம். பதில் சொன்னது ஒருவர் மட்டும், மதாம் அக்குவி என்ற பெண்மணி. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த நாட்டில் அச்சுத் துணியின் மொத்த வியாபாரம் முழுக்கச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் சில பெண்களின் கையில். ஒரு டிசைன் ஒருத்திக்கு என்று ஆகிவிட்டால் இன்னொருத்தி அதைத் தொடமாட்டாள். சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் இவர்களிடம் வந்துதான் வாங்கிப் போவார்கள். எல்லோரிடமும் பென்ஸ் கார். அரசாங்க விருந்தாளிகள் வந்தால் அரசாங்கமே இவர்களிடம்தான் காரை இரவல் கேட்குமாம். இவர்களைத்தான் நாங்கள் கவனிக்கத்தக்கதல்ல என்று எழுதியிருந்தோம்.

முதல் இரண்டு தடவை நாங்கள் துணி வாங்கிய ஆலையிலேயே வெட்டி, மடித்து, கட்டி அனுப்பினார்கள். நாங்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மதாமுக்கு மிகவும் பிடித்துப்போய், இன்னும் கேட்டார். நன்றாகப் போகிற வண்டியில் கையை வைக்காமல் இருந்தால் அது மேனேஜ்மென்ட் ஆகாதே. "ரோலா வாங்கி நாங்களே வெட்டினால் மலிவு," என்று கண்டுபிடித்தார் சேர்.

வெட்டும் வேலை எங்கள் அல்கூஸ் குடோனில் முத்துராமனுக்கு வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், மதுரையில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் பழகியவன். என்னை ராஜியக்கா என்பான். வாரம் ஒருமுறை ஆபீசுக்கு வரும்போது தம்பியைப் பற்றித்தான் பேச்சு. தம்பிக்கு எங்கள் கம்பெனியிலேயே விசா கேட்டிருந்தான். அர்பாபும் சரி என்றிருந்தார். தம்பி பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, பம்பாயில் ஏஜெண்ட் கொடுத்த ரூமில் பத்துப் பதினைந்து பேரோடு படுத்துக் காத்திருந்தான்.

ரோல்கள் வந்த அன்று சேரும் நானும் குடோனுக்குப் போனோம். முத்துராமன் மேசையில் கஜக்கோலை வைத்துக்கொண்டு நின்றான். "எவ்வளவு சார் வெட்டணும்?" என்றான்.

சேர் கண்ணை மூடினார். "மீட்டர் எண்ட அளவைக் கண்டுபிடிச்சது ஆர்? பிரெஞ்சுக்காரன். டோகோ என்ன பாஷை? பிரெஞ்சு. பிறகென்ன, கஜத்தைத் தூக்கி எறியும். அஞ்சு மீட்டர். கணக்குக்கும் வடிவு."

"ஆலையிலருந்து வந்த பழைய துண்டு ஒண்ணு இருந்தா அளந்து பாத்துக்கலாமே சார்?"

"நான் அந்த நாட்டைப் பற்றி முழு அறிக்கை எழுதினனான். எனக்குத் தெரியும்தானே?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் அதைக் கன்டெய்னரில் ஏற்றி, இன்ஷூரன்ஸும் போட்டு அனுப்பிவைத்தோம்.

லோமேயிலிருந்து டெலெக்ஸ் வந்தது. சரக்கு விற்காது, யார் இதை வெட்டியது, நேரில் வருகிறேன். மதாம் நேரில் வருகிறார் என்றதும் அர்பாப் என்ன நடந்தது என்று கேட்டார். சேர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "குடோன்காரன் அளவு தெரியாமல் வெட்டிவிட்டான். அவனைக் கேன்சல் பண்ணி அனுப்பிவிடலாம்," என்றார். என் வாயாலேயே அதை இந்தியில் சொல்லவைத்தார். கேன்சல் என்றால் விசா போகும், அடுத்த விமானத்தில் ஊர். அண்ணனே போனால் தம்பி விசாவை யார் கேட்பார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன். "சேர், அஞ்சு மீட்டருன்னு நீங்கதானேங்க சொன்னீங்க? நானும் பக்கத்திலதானே நின்னேன்."

"பிள்ளை," என்றார் மெதுவாக, "உமக்கும் இந்தக் கம்பெனியிலதானே விசா?"

முத்துராமன் அன்று சாயங்காலம் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். அழவில்லை. கோபத்தில் இருந்தான். "வெட்டுன்னாரு, வெட்டுனேன். மடின்னாரு, மடிச்சேன். இப்ப எனக்கு அளவு தெரியலன்னு சொன்னா என்னக்கா நியாயம்? தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றான். மதாம் வரட்டும் என்றேன். வந்து என்ன செய்வார் என்று எனக்கே தெரியாது.

மதாம் அக்குவி எங்கெங்கோ விமானம் மாறி வந்து சேர்ந்தார். கதவு நிறைந்த உருவம். தலைக்கட்டிலிருந்து கால்வரை ஒரே டிசைன் துணி. யாரும் சொல்லுமுன் இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். அது சேருடைய நாற்காலி. மதாமுடைய அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், கானா என்பதால் ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அவர் ஆங்கிலத்தை நான் அர்பாபுக்கு இந்தியில் சொல்ல வேண்டும், அர்பாபின் இந்தியை அவருக்கு ஆங்கிலத்தில்.

கொண்டுவந்த பெட்டியைத் திறந்து எங்கள் துணி ஒன்றை எடுத்தார். இரண்டு கஜம் மடித்து, "இது இடுப்புக்கு," என்றார். இன்னும் இரண்டு கஜம், "இது சட்டைக்கு." மிச்சத்தை விரித்துக் காட்டினார். "இது பிள்ளையை முதுகில் கட்ட. உங்கள் துணியில் கட்டினால் முடிச்சு வராது, பிள்ளை கீழே விழும். எங்கள் ஊரில் ஆறு கஜம் இல்லாதது துணியே இல்லை. ஒரு பெண்ணும் வாங்கமாட்டாள்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு கஜம் என்றால் சேலை நீளம். அதைத்தான் நான் தினமும் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருகிறேன்.

சேர் இருமினார். தொழிலாளியின் தவறு, மிகவும் வருந்துகிறோம், அவனை அனுப்பிவிடப் போகிறோம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவரைக் கூப்பிடுங்கள்," என்றார் மதாம்.

முத்துராமன் வந்து கதவோரம் நின்றான், தலையெல்லாம் நூல் தூசி. மதாம் பெட்டியிலிருந்த துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார். கீழே பிடித்து இழுத்து ஓரங்களைச் சேர்த்தார். எல்லா ஓரமும் ஒன்றாக நின்றது, ஒன்றுகூட விரலளவு நீளவுமில்லை, குறையவுமில்லை.

"நான் சின்ன வயதிலிருந்து துணி அளக்கிறேன்," என்றார். "அளவு தெரியாத கை ஒன்றை நீட்டி வெட்டும், ஒன்றைக் குறைத்து வெட்டும். ஒரு கன்டெய்னர் முழுக்க ஒரே அளவாக வெட்டியவர் தவறு செய்யவில்லை. யாரோ சொன்னதைச் செய்திருக்கிறார். யார் சொன்னது?"

"பிள்ளை," என்றார் சேர் தமிழில், சிரித்த முகம் மாறாமல், "உந்தக் கதையை அர்பாபுக்குச் சொல்லாதையும்."

நான் அர்பாப் பக்கம் திரும்பி மதாம் சொன்னதை ஒன்று விடாமல் இந்தியில் சொன்னேன். முடிவில், "இதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று மேனேஜர் சார் சொல்கிறார்," என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மொழிபெயர்க்க உட்காரவைத்தால் மொழிபெயர்க்கத்தானே வேண்டும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த ஆபீசில் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அர்பாப் காவா என்னும் அரபுக் காப்பிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேரையே பார்த்தார். "கோன் போலா?" என்றார். யார் சொன்னது?

வேறு வழியில்லாமல் சேர் பிரெஞ்சுக்காரனிடம் போனார். மீட்டரை யார் கண்டுபிடித்தது என்பதிலிருந்து என்னிடம் தமிழில் தொடங்கினார். அதை நான் அர்பாபுக்கு இந்தியிலும் மதாமுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். மதாம் சிரித்தார் பாருங்கள், தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. "பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் இடுப்பு எவ்வளவு என்று அவர்களை நாங்கள் கேட்டதில்லை," என்றார்.

பிறகு மேசையில் கிடந்த அறிக்கையைக் காட்டி, "என் நாட்டைப் பற்றியா? இதில் நான் இருக்கிறேனா?" என்று கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த வரியை வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை 'ஒருக்கா வாசியும்' என்று கேட்டது வேறு ஆள். சேர் கண்ணை மூடவில்லை.

வியாபாரம் அதன்பிறகு சீக்கிரம் முடிந்தது. நீளம் குறைந்த துணியைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க எடுத்துக்கொள்கிறேன், விலையை நான் சொல்வேன் என்றார் மதாம். அர்பாப் தலையாட்டினார். முத்துராமனைப் பார்த்து, "கேன்சல் மாஃபி. கலாஸ்," என்றார். கேன்சல் இல்லை, முடிந்தது. முத்துராமன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இன்னும் ஒன்று," என்றார் மதாம். "இந்தக் கை எனக்கு வேண்டும். லோமேயில் என் கடையில் வெட்ட, மடிக்க, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுக்க."

உடனே சேருக்கு உயிர் வந்துவிட்டது. ஆளை மாற்றிவிடுவது பற்றி, அவனுக்குப் பதிலாள் எடுப்பது பற்றி அர்பாபிடம் பேசத் தொடங்கினார். அர்பாப் கேட்டதையும் இவர் சொன்னதையும் நான் மொழிபெயர்த்தேன். முத்துராமன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். மதாம் மேசையைத் தட்டினார்.

"அவரைக் கேட்டீர்களா?" என்றார்.

ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "முத்துராமா, அவங்க ஊருக்கு, அவங்க கடைக்கு வேலைக்கு வர்றியான்னு கேக்கிறாங்க. இங்கயே இருக்கிறதுன்னாலும் இரு. கேன்சல் இல்ல, தம்பி விசாவும் வரும்."

அவன் யோசித்தான். "ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கக்கா. அந்த ஊர்ல பாஸ்போர்ட்ட யாரு வச்சுக்குவாங்க?"

கேட்டேன். மதாமுக்கு விளங்கவில்லை. "யாருடைய பாஸ்போர்ட்?" என்றார்.

"இவருடையது."

"இவருடையதை இவர்தானே வைத்திருப்பார்? வேறு யார் வைப்பார்கள்?"

நான் விளக்கினேன். இங்கே வந்து இறங்கியதும் அதை வாங்கிவிடுவார்கள், லீவுக்குப் போகும்போதுதான் தருவார்கள். எங்கள் எல்லோருடையதும் அர்பாபின் மேசை டிராயரில்தான் இருக்கிறது. மதாம் என்னைப் பார்த்தார். பிறகு சேரைத் தலை முதல் கால் வரை, டை, கோட், பாலிஷ் போட்ட சப்பாத்து உட்பட, நிதானமாகப் பார்த்தார்.

"இவருடையதுமா?"

"இவருடையதும்தான்," என்றேன். சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முத்துராமனிடம் பதிலைச் சொன்னேன். "அங்க உன்னோடது உன்கிட்டதான் இருக்குமாம்."

"நெசமாவாக்கா?"

"அவங்களுக்கு நாம கேக்கிற கேள்வியே விளங்கல முத்துராமா."

"அப்பத் தம்பியையும் நேரா அங்கயே கூட்டிக்கச் சொல்லுங்க," என்றான்.

மதாமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், வரட்டும் என்று கையை விரித்தார். அர்பாபுக்கு இந்தியில் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல், சட்டைப் பையில் கைவிட்டு டிராயர் சாவியைத் தேடத் தொடங்கினார்.